வெளிய வந்துரும்ப்பா

அந்தப் பெட்டிய மடியிலயே வெச்சுக்குங்க தம்பி. கீழ வெச்சா என்ற வண்டி குலுக்கற குலுக்கல்ல உள்ள இருக்கறது கழண்டு போயிரும். பின்னாடி ஏத்துன பெட்டிகளுக்கு ஒண்ணும் ஆகாது, கயித்த நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன். ஆனா நீங்க போகச் சொன்ன பள்ளிக்கூடம் வரைக்கும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கானுங்க. குழாய் போடறானாம், போன வருசமும் இதையேதான் சொன்னான். அதனால மடியிலயே இருக்கட்டும்.

உள்ள ரோபோதானுங்களே இருக்குது? எப்புடிக் கண்டுபுடிச்சான்னு பாக்கறீங்களா? ஏறும்போது மூடியத் தொறந்து ஒருக்கா பாத்தீங்கள்ல, நானும் எட்டிப் பாத்தேன். நாலு சக்கரம், முன்னாடி ரெண்டு உருண்டைக் கண்ணு. எங்கூட்லயும் அதே மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. டிவிக்குப் பக்கத்துல, துணி போட்டு மூடி வெச்சிருக்கா எங்கூட்டுக்காரி.

அட, சிரிக்காதீங்க. லோடு வண்டி ஓட்டறவன் வீட்ல ரோபோ இருக்கக் கூடாதா? என்ற புள்ள செஞ்சதுங்க. மோகனப்பிரியான்னு பேரு. மோகனான்னு கூப்புடுவோம். ஒரே புள்ள.

ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்களாட்டம் ஆளுங்க மேல எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. பேசுன வாடகைக்கு மேல ஒத்த வார்த்தை பேசாம ஏறுனீங்க, பாத்தா நல்ல புள்ளையாட்டம் இருக்கறீங்க, இருந்தாலும் சொல்லாம இருக்க முடியலை. நீங்க வர்றீங்க. பள்ளிக்கூடத்துல திரை கட்டிப் படம் காட்டறீங்க. ரோபோ கார் கம்பெனியில வெல்டு அடிக்குது, ரோபோ ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணுது. இதையெல்லாம் நீங்களே செய்யலாம் கண்ணுகளா, இதுக்குன்னு படிப்பு இருக்குது, வேலை இருக்குதுங்கறீங்க. புள்ளைங்க கை தட்டுது. சாயந்தரம் பெட்டியக் கட்டிக்கிட்டு நீங்க கெளம்பிர்றீங்க. அந்தப் புள்ளைங்க வீட்டுக்கு வந்து எங்ககிட்டத்தான பேசுது? நாங்கதான பதில் சொல்லோணும்?

எங்கூரு பள்ளிக்கூடத்துக்கும் இப்புடித்தான் வந்தாங்க. மோகனா பதினொண்ணாவது படிக்குது அப்போ. ரெஜினா டீச்சர்னு சயின்ஸ் டீச்சர், அவங்கதான் நாலு புள்ளைங்களப் பொறுக்கி எடுத்து ஒரு குழு சேத்தாங்க. கொஞ்ச நாள்ல மூணு கழண்டுக்கிச்சு. ஒண்ணுக்கு டியூசன், ஒண்ணுக்குப் பரீட்சை பயம், ஒண்ணு ஊரையே மாத்திக்கிட்டுப் போயிருச்சு. என்ற புள்ள மட்டும் விடலை. டீச்சர்கிட்டக் கேட்டு அந்தச் சாமானையெல்லாம் வீட்டுக்கே கொண்டாந்துருச்சு.

அது என்னமோ ரோபோன்னு சொல்லும். நான் வண்டின்னுதான் சொல்லுவேன். சக்கரம் இருந்தா வண்டிதானுங்களே? முன்னாடி இருந்த ரெண்டு உருண்டையும் ஹெட்லைட்டுன்னு நெனச்சுக்கிட்டு, "ஏன் அம்முணி, லைட்டு எரியவே இல்லையே"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. "லைட்டு இல்லப்பா, அதுதான் இதுக்குக் கண்ணு. ஒண்ணு நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் போடும். அந்தச் சத்தம் செவுத்துல பட்டுத் திரும்பி வர்றத இன்னொண்ணு கேக்கும். அத வெச்சு எதிர்ல செவுரு எவ்வளவு தூரத்துல இருக்குதுன்னு தெரிஞ்சுக்கும்"னு சொல்லுச்சு. கண்ணுங்குது, அப்பறம் காதுல கேக்கும்ங்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. சரி சாமின்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஆனா ஓடுச்சுங்க தம்பி. அத நான் சொல்லியே ஆகோணும். கட்டில், பலகை, அரிசி டப்பா எல்லாத்தையும் நிறுத்தி வீட்டுக்குள்ள சந்து சந்தாக் கட்டி வெச்சிரும். சமையக்கட்டுல வண்டிய உட்டா, முட்டுச் சந்து வந்தா நின்னு, பின்னால வந்து, திரும்பி, வழி தேடி வாசலுக்கு வந்து நிக்கும். நான் வேணும்னே குறுக்கால காலை நீட்டுவேன். டக்குனு நின்னு ஒதுங்கிப் போகும். துரத்துவேன், அது ஓடும். எங்கூட்டுக்காரி தலையில அடிச்சுக்குவா. ஒருக்காக் கூட எதுமேலயும் இடிச்சதில்லீங்க. நான் இத்தனை வருசமா ஓட்டறேன், எத்தனை எடத்துல ஒரசியிருக்கேன்.

அப்பறந்தான் அந்தப் போட்டி வந்துச்சு. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல. பலகையில சந்து சந்தாக் கட்டி வெச்சிருப்பாங்களாம், வண்டி தானா வழி தேடி வெளிய வரோணுமாம். அதுல செயிச்சா மூணு வருசப் படிப்புக்குச் சீட்டு. ரோபோ செய்யறதுக்கே ஒரு படிப்பாம். சென்னைக்கு அந்தப் பக்கம் எங்கயோ. ஹாஸ்டலும் சாப்பாடும் அவங்களே குடுத்து, முடிச்சதும் கம்பெனியில வேலையும் குடுத்துருவாங்களாம். டீச்சர் வீட்டுக்கே வந்து உக்காந்து சொன்னாங்க. "உங்க பொண்ணுக்கு இது கெடைக்கும் சார்"ன்னாங்க. என்னைய யாரும் சார்னு கூப்புட்டதில்லை, அதுவே எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.

ஆனா யோசனை இருக்குமுங்களா இல்லையா? வயசுப் புள்ள. சென்னை. எங்கூட்டுக்காரிக்கு ஒரு அண்ணன் இருக்கறாரு, தாராபுரத்துப் பக்கம் கோழிப்பண்ணை. என்ற மச்சான். அவரு பையன் ஸ்ரீதரனுக்கு மோகனாவைக் குடுக்கறதுன்னு சின்ன வயசுலயே பேச்சு. போட்டின்னு கேள்விப்பட்டதும் மச்சான் வந்துட்டாரு. "படிக்க வெச்சு யாருக்குக் குடுக்கறதா இருக்கறீங்க மாப்பளே"ன்னு ஒரு கேள்விதான் கேட்டாரு. எனக்குத் தூக்கம் போச்சு. புள்ள மொகத்தப் பாத்தா அனுப்பலாம்னு தோணுது. மச்சான் மொகத்தப் பாத்தா வேண்டாம்னு தோணுது.

எங்க பக்கம் பூக்கேக்கறதுன்னு ஒரு வழக்கம் இருக்குது. நீங்க எந்த ஊரு? ஓ, அப்பத் தெரியாது. வெள்ளைப் பூ ஒண்ணு, செவப்புப் பூ ஒண்ணு, தனித்தனியாப் பொட்டணம் கட்டி சாமி முன்னால போடுவோம். வெவரம் தெரியாத கொழந்தை ஒண்ணைக் கூப்புட்டு எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தா சாமிக்குச் சம்மதம். செவப்பு வந்தா வேண்டாம். அதுக்கு மேல எங்க வீட்ல யாரும் ஒரு பேச்சுப் பேச மாட்டோம். நெலம் வாங்கறதா, கல்யாணமா, எல்லாம் அப்புடித்தான். நான் இந்த வண்டிய வாங்குனதே பூக்கேட்டுத்தானுங்க.

சரி, கேட்டுப்போடலாம்னு கோயிலுக்குப் போனா, அங்க திருப்பணி நடக்குது. கோபுரத்துக்குச் சாரம் கட்டியிருக்கறாங்க. கும்பாபிசேகம் முடியற வரைக்கும் பூக்கேக்கக் கூடாதுன்னுட்டாரு பூசாரி. போட்டியோ அடுத்த வாரம். என்ன பண்ணுவேன்? திரும்பி வர்ற வழியிலதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நல்ல யோசனைன்னு இன்னைக்கும் சொல்லுவேன். புள்ளையக் கூப்புட்டு உக்கார வெச்சேன். "அம்முணி, பூக்கேக்க முடியலை. உன்ற வண்டியே பூவா இருக்கட்டும். அன்னைக்கு அது சந்துல இருந்து வெளிய வந்துச்சுன்னா வெள்ளைப் பூ. பிரைசு வந்தாலும் வராட்டியும் நான் எப்பாடு பட்டாச்சும் படிக்க அனுப்பறேன், மாமன்கிட்ட நான் பேசிக்கறேன். வெளிய வரலைன்னா சாமிக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம். அதுக்கப்பறம் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. சரியா?"ன்னேன்.

புள்ள ரோசனையே பண்ணலைங்க. சிரிச்சுச்சு. "சரிப்பா. அது வெளிய வந்துரும்ப்பா"ன்னுச்சு. என்ற கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுச்சு. அன்னைக்கு ராத்திரி எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன், புள்ள செயிச்சுரும், மச்சானுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இப்பவே நெனச்சு வெச்சுக்கன்னு.

பாருங்க தம்பி, மனசு அளவுல நான் அனுப்பத் தயாராத்தான் இருந்தேன். அத எல்லாரும் மறந்துபோடறாங்க.

போட்டியன்னைக்கு இந்த வண்டியிலதான் போனோம். டீச்சரும் மோகனாவும் முன்னாடி, நீங்க உக்காந்திருக்கற எடத்துல. புள்ள வண்டிப் பெட்டிய உங்களாட்டமே மடியில வெச்சுக்கிட்டு வந்துச்சு. காலேஜ்ல எத்தனை பள்ளிக்கூடம்ங்கறீங்க! டை கட்டுன புள்ளைங்க, இங்கிலீசு பேசற புள்ளைங்க. ஒவ்வொருத்தனும் வந்து எங்க வண்டியக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறான். "இத நீயே செஞ்சியா, நீயே செஞ்சியா"ன்னு கேக்கறான். கண்ணு பட்டா கல்லே ஒடையும்போது இது எம்மாத்தரம்?

எல்லா வண்டியவும் சோதிச்சுப் பாத்துட்டு ஒரு மேசையில வரிசையா வெச்சுட்டாங்க. அதுக்கப்பறம் பேரு கூப்புடற வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம். புள்ளைங்களச் சாப்புட அனுப்பிட்டாங்க. காவலுக்கு ஒரு காலேஜ் பொண்ணு. நான் சாப்புடப் போகலை. மேசைகிட்டயே நின்னுக்கிட்டேன். அந்தப் பொண்ணு போன் பாத்துக்கிட்டு இருக்குது, என்ன காவல் காக்கப் போகுது? எவனாச்சும் வந்து கழட்டி உட்டுட்டா?

நிக்கும்போதுதான் பாத்தேன். அத்தனை வண்டி நிக்குது, ஒண்ணுத்துக்குக் கூடப் பொட்டு இல்லை. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. என்ற வண்டிய வெள்ளிக்கெழமை பொட்டு வெக்காம நான் சாவி போட்டதே கெடையாதுங்க. இவ்வளவு பெரிய காரியத்துக்கு வெறும் நெத்தியோட நிக்குது அது. டேஷ்போர்டுல எப்பவும் சந்தனக் கிண்ணம் இருக்கும், இதா, இதேதான். ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். அந்தப் பொண்ணு, "அங்கிள், தொடக் கூடாது"ன்னுச்சு. "தொடலை சாமி, ஒரு பொட்டுத்தான்"ன்னேன். அதுவும் நம்மூரு புள்ளதான, சிரிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.

நல்லாக் கொழைச்சு, மெல்லிசா வெச்சா காஞ்சு உதுந்துரும்னு அழுத்தி வெச்சேன். மேல குங்குமம். சாமி, என்ற புள்ளைக்கு வெள்ளைப் பூவாக் குடுன்னு கண்ண மூடி நின்னேன். எனக்காக நான் அப்புடி வேண்டுனதே இல்லை.

பேரு கூப்புட்டாங்க. மோகனா ஓடியாந்து வண்டியப் பின்பக்கமாப் புடிச்சுத் தூக்கிச்சு, பலகைச் சந்தோட வாசல்ல வெச்சுச்சு. உட்டதுக்கப்பறம் கை வெக்கக் கூடாது. கை வெச்சா ஆட்டம் முடிஞ்சுது. மணி அடிச்சாங்க.

வண்டி நகரலைங்க.

நகரலைன்னாப் பரவாயில்லை. நின்ன எடத்துலயே சுத்துது. முன்னாடி நல்ல அகலமான வழி இருக்குது, ஒரு பலகை இல்லை, ஒண்ணும் இல்லை. ஆனா மூஞ்சிக்கு நேரா செவுரு நிக்கற மாதிரி நிக்குது, பின்னால வருது, திரும்புது. அந்தப் பக்கமும் செவுரு இருக்கற மாதிரி மறுபடியும் நிக்குது, திரும்புது. வீட்ல என்ற காலுக்கு ஒதுங்குச்சே, அதே ஒதுக்கம், ஆனா எதுத்தாப்புல காலும் இல்லை, கையும் இல்லை. வேண்டாம்னு சாமி எப்புடிச் சொல்லோணுமோ அப்புடிச் சொல்லிப்போடுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஒரு சுத்துச் சுத்தும்போது வண்டியோட மூஞ்சி புள்ள நின்ன பக்கம் திரும்புச்சு. மோகனா அதப் பாத்துச்சு. பாத்துட்டு அப்புடியே நிமுந்து, கூட்டத்துல தேடி என்னையப் பாத்துச்சு. பயந்துட்டாளாட்ட இருக்குதுன்னு நான் ரெண்டு கையவும் மேல தூக்கிக் கும்புட்டுக் காட்டுனேன், சாமிய வேண்டிக்க கண்ணுன்னு. புள்ள பாத்துக்கிட்டே இருந்துச்சு. வண்டி சுத்துது, அதப் பாக்கலை, என்னையவே பாக்குது. மணி அடிக்கற வரைக்கும்.

பெரிய மேடம் ஒருத்தங்க, மார்க்குப் போடறவங்க, எந்திரிச்சு வந்தாங்க. அதுக்குள்ள புள்ள வண்டியத் தூக்கி, மூஞ்சி உள்பக்கம் இருக்கற மாதிரி நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிச்சு. "காலையில சோதிக்கும்போது நல்லா ஓடுச்சேம்மா, நடுவுல யாராச்சும் தொட்டாங்களா? தொட்டிருந்தாச் சொல்லு, இன்னொரு வாய்ப்புத் தர்றோம்"னு கேட்டாங்க. நல்ல மேடம். புள்ள என்ன சொல்லுச்சுங்கறீங்க? "இல்லீங்க மேடம், யாரும் தொடலை"ன்னுச்சு. டீச்சர் பக்கத்துல நின்னு மறுபடி மறுபடி கேக்கறாங்க. "தெரியல டீச்சர், என்ற தப்புத்தான்"ங்குது. காவலுக்கு நின்ன பொண்ணு கீழயே பாத்துக்கிட்டு நின்னுச்சு. யாரு தொடுவாங்க? நான்தான் பக்கத்துலயே நின்னனே!

திரும்பி வரும்போது இதே சீட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு காரியம் பண்ணுச்சு, அதத்தான் என்னால மன்னிக்க முடியலை. துப்பட்டாவுல இருந்து ஊக்கை எடுத்து, நான் வெச்ச சந்தனத்தக் கொடைஞ்சு கொடைஞ்சு எடுத்துச்சு. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எனக்கு நெஞ்சு வெந்துபோச்சு. தோத்தா தோத்துட்டுப் போகுது, சாமி மேலயா கோவத்தக் காட்டறது? "அதுல என்ன இருக்குதுன்னு அப்புடிக் கொடையற?"ன்னு சத்தம் போட்டேன். "ஒண்ணுமில்லப்பா"ன்னுச்சு. சித்த நேரம் கழிச்சு, "அப்பா, வீட்டுக்குப் போயி இன்னொருக்கா ஓட்டிக் காட்டட்டுமா? சந்து கட்டி?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு. "பூவு ஒருக்காத்தான் சாமி கேக்கறது. வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு பூக்கேக்கறதா?"ன்னேன். சரிங்கப்பான்னு ஊக்கைத் திரும்பத் துப்பட்டாவுல குத்திக்கிச்சு.

ரோடெல்லாம் நான்தான் அழுதுக்கிட்டு ஓட்டுனேன். அது அழுகலை. எறங்கும்போது, "உங்க மேல தப்பில்லப்பா"ன்னுச்சு. என்ற மேல என்ன தப்பு? ஆறுதல் சொல்றதுக்குக் கூடத் தெரியலை அந்தப் புள்ளைக்கு.

பன்னெண்டாவது முடிச்சுது. நல்ல மார்க்குத்தான். டீச்சர் மறுபடி வந்தாங்க, மோகனாவே டீச்சரத் திருப்பி அனுப்பிருச்சு, "அப்பாவுக்குக் குடுத்த சொல்லு, டீச்சர்"னு. சத்தியம் பண்ணுச்சில்ல. அந்த வெகையில குறை சொல்ல முடியாது. ஆவணியில கல்யாணம். ஸ்ரீதரன் தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பண்ணையில வேலை இருந்துக்கிட்டே இருக்கும், தண்ணி காட்டறது, தீவனம் போடறது. போனப்போ பாத்தேன், கை எல்லாம் காச்சுப் போய்க் கெடக்குது. நல்லா இருக்கறேம்ப்பான்னு சொல்லுது. நல்லா இருக்கறவங்க கேக்கறதுக்கு முன்னாடியே அப்புடிச் சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?

தீவாளிக்கு வந்தப்போ, "வண்டிய எடுத்துட்டுப் போ கண்ணு, பொழுது போகும்"னேன். வேண்டாம்னுச்சு. "பேட்டரி போட்டா ஓடும்தான?"ன்னேன். "ஓடும்ப்பா. அதே எடத்துலதான் சுத்தும்"னு சொல்லிட்டுச் சமையக்கட்டுக்குப் போயிருச்சு.

இதா, பள்ளிக்கூடம் வந்துருச்சு. புள்ளைங்க எப்புடி ஓடியாருது பாருங்க. இதுல எத்தனை புள்ளைங்க ராத்திரி வீட்ல போயி என்னையாட்டம் ஒருத்தன்கிட்டப் பேசப் போகுதோ. நீங்க நல்லாச் சொல்லிக் குடுங்க, நான் குறை சொல்லலை. சாமி குடுக்கறதுதான் கெடைக்கும், அதையும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

இருங்க, எறங்காதீங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெறும் நெத்தியோட உள்ள கொண்டு போகக் கூடாது. பெட்டியத் தொறங்க, ஒரே நிமிசம்.

என்ன கேக்கறீங்க? அன்னைக்கா? எந்த எடத்துல வெச்சேன்னா? வண்டிக்கு எங்க வெப்போம், ஹெட்லைட்டுலதான். அந்த ரெண்டு உருண்டைக் கண்ணு மேலயும்தான் வெச்சேன். நல்லா நெறைவா, ஓட்டை தெரியாம.

ஏன் தம்பி? ஒண்ணுமில்லீங்களா? அப்பறம் எதுக்கு இப்புடிப் பாக்கறீங்க, அன்னைக்கு மோகனா பாத்த மாதிரியே? அட, பெட்டிய எதுக்கு நெஞ்சோட சேத்து அப்புடி இறுக்கிப் புடிச்சுக்கறீங்க? குடுங்க தம்பி. ஒரு பொட்டுத்தான். நான் அத என்ன பண்ணிப்போடுவேன்?